மூன்று முறை ஊரைக் கட்டியவர்

மஸ்ஜித் இந்தியாவில் தொழுகிறோம். பெட்டாலிங் தெருவில் சாமான் வாங்குகிறோம். பிரிக்பீல்ட்ஸுக்கு உறவினரைப் பார்க்கப் போகிறோம். இந்தக் கோலாலம்பூரைக் கட்டி எழுப்பியவர்களில் முதன்மையானவர் கப்பித்தான் யாப் ஆ லோய். அவருடைய வாழ்க்கையை நம் பிள்ளைகளும் தெரிந்துகொள்ள வேண்டும்.

சீனாவின் குவாங்டோங் மாநிலத்தில் 1837-ஆம் ஆண்டு ஏழை ஹக்கா குடும்பத்தில் பிறந்தவர். 17 வயதில் பிழைப்புத் தேடி மலாக்காவில் வந்து இறங்கினார். சுரங்கத்தில் கூலி வேலை, கடையில் எடுபிடி வேலை, லுக்குட்டில் சமையல் வேலை என்று கிடைத்ததையெல்லாம் செய்தார். அவர் வாலிபனாக வளர்ந்த இடங்கள் ஈயச் சுரங்கக் குடியிருப்புகள். அத்தாப்புக் குடிசை, மலேரியாக் காய்ச்சல், அபின், சூதாட்டம், கோஷ்டிச் சண்டை இவைதாம் அங்கே அன்றாட வாழ்க்கை. 1860-இல் சுங்கை ஊஜோங்கில் மூண்ட சண்டையில் அவருடைய தலைவர் உயிரிழந்தார். அவரும் காயத்தோடு தப்பினார்.

1862-இல் அவர் கோலாலம்பூர் வந்தபோது, அது ஆற்றோரத்துச் சேற்றில் ஒரு சிறு குடியிருப்பு. மஸ்ஜித் இந்தியா முதலில் எழுந்தது அதற்கடுத்த ஆண்டு என்பர். 1868-இல் கப்பித்தான் பொறுப்பு அவரிடம் வந்தது.

சிலாங்கூர் உள்நாட்டுப் போரில், 1872-இல் ஊர் எதிரிகள் கைக்குப் போய் எரிந்து அழிந்தது. மறு ஆண்டு மீட்டபோது சுரங்கங்களில் தண்ணீர் நின்றது. ஆட்கள் சிதறிப் போயிருந்தார்கள். அவர் ஊரை விட்டுப் போகவில்லை. கடன் வாங்கினார், கூலியாட்களை வரவழைத்தார், வீடுகளைக் கட்டினார். தலைக்கு மேல் கூரையும் வேளைக்குச் சோறும் இல்லாதவன் ஓரிடத்தில் தங்கமாட்டான் என்பது அவர் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம் என்றே நமக்குத் தோன்றுகிறது. 1879-இல் ஈய விலை ஏறியபின்தான் கடன் சுமை குறைந்தது.

1881 ஜனவரியில் தீ, அதே ஆண்டின் இறுதியில் வெள்ளம். மறுபடியும் கட்டினார். ஊரிலேயே பெரிய சொத்துக்காரர் அவர்தான். பெட்டாலிங் தெருவில் மரவள்ளிக் கிழங்கு மாவு ஆலையும் நடத்தினார். சீனர்கள் அத்தெருவை இன்றும் மாவு ஆலைத் தெரு என்றே அழைக்கிறார்கள்.

அவரிடம் குறைகளும் இருந்தன. சூதாட்ட விடுதியும் அபினும் அவர் வருமானத்தில் சேர்ந்தவை. இளமையில் பார்த்த தீமைகளை அவர் ஒழிக்கவில்லை. அவற்றைக் கொண்டே சம்பாதித்தார். நெருக்கமான அத்தாப்பு வீடுகளும் அரசாங்கம் வற்புறுத்திய பிறகே செங்கல்லுக்கும் ஓட்டுக்கும் மாறின. அதற்காக எழுந்த செங்கல் சூளைகள்தாம் பிரிக்பீல்ட்ஸுக்குப் பெயர் தந்தன.

1885-இல் தம் 48-ஆம் வயதில் அவர் காலமானார். அவர் பெயரில் இன்று இருப்பது ஒரு சிறு தெருதான். அடுத்த முறை அந்தப் பக்கம் போகும்போது பிள்ளைகளுக்கு அதைக் காட்டுவோம். முரட்டு ஊர்களில் வளர்ந்த ஒருவர் எதைக் கட்டிவைத்தார், எதைத் திருத்தாமல் விட்டார் என்ற இரண்டையும் சேர்த்தே சொல்வோம்.