கண் இழந்தவர் கண்ட கடல்
ஜப்பானிய இசை மேதை மியாகி மிச்சியோ

ஜப்பானில் புத்தாண்டு பிறந்துவிட்டால் கடைத்தெருக்களிலும் வானொலியிலும் தவறாமல் ஓர் இசை ஒலிக்கும். அதில் பாட்டு இல்லை, சொல்லும் இல்லை. ஒரு தந்தி வாத்தியமும் ஒரு மூங்கில் குழலும் மட்டுமே உண்டு. கேட்பவர் மனத்தில் அமைதியான கடல் விரியும், அலை புரளும், பறவை கூவும். வசந்த காலக் கடல் என்பது அதன் பெயர். அந்தக் கடலை இசையில் தீட்டியவருக்கு கண் பார்வை கிடையாது. அவர்தான் மியாகி மிச்சியோ.

எட்டு வயதில் இருள்

1894-ம் ஆண்டு ஏப்ரல் 7-ந் தேதி கோபே துறைமுக நகரில், வெளிநாட்டார் குடியிருந்த பகுதியில் அவர் பிறந்தார். கைக்குழந்தையாக இருந்தபோதே கண்ணில் நோய் கண்டது. எட்டு வயது ஆகும்போது, இனி பார்வை திரும்பாது என்று தெரிந்துவிட்டது. பாட்டியின் ஆதரவில் வளர்ந்த சிறுவனுக்கு ஒரு பிழைப்பு வேண்டுமே! கோட்டோ வாசிக்கக் கற்றுக்கொள்ள அனுப்பினார்கள்.

கோட்டோ என்பது ஆள் நீளத்துக்கு இருக்கும் மர வாத்தியம். தரையில் கிடத்தி வாசிப்பார்கள். அதற்கு 13 தந்திகள். ஒவ்வொரு தந்திக்கும் தனித்தனிக் குதிரை உண்டு. அதை நகர்த்திச் சுருதி கூட்டுவார்கள். வலது கையின் மூன்று விரல்களில் நகம் மாட்டி மீட்டுவார்கள். இதைக் கற்பிப்பது ஜப்பானில் நெடுங்காலம் கண்ணிழந்தோரின் தொழிலாகவே இருந்தது. அவர்களுக்கென்று தனிச் சங்கமும் உரிமைகளும் இருந்தன. 1871-ல் அரசாங்கம் அந்தச் சங்கத்தைக் கலைத்துவிட்டது. பள்ளிகளில் மேல்நாட்டு சங்கீதம் புகுந்தது. கோட்டோ பழங்காலத்துச் சரக்கு என்று பலர் நினைக்கத் தொடங்கிய வேளையில்தான் மிச்சியோ அதைக் கையில் எடுத்தார்.

பதின்மூன்று வயது வாத்தியார்

தந்தை கொரியாவில் வேலை பார்த்துவந்தார். அங்கே அவர் காயமுற்றுச் சம்பாதிக்க முடியாமல் போனார். 1907-ல் மிச்சியோ கடல் கடந்து இஞ்சியோன் நகருக்குப் போய்ச் சேர்ந்தார். வயது 13. பகலில் கோட்டோவும் இரவில் ஷாக்குஹாச்சி என்னும் மூங்கில் குழலும் சொல்லிக் கொடுத்துக் குடும்பத்தைக் காப்பாற்றினார்.

ஒரு நாள் தம்பி பள்ளிப் பாடத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தான். மூடுபனி, மேகம், மழை, வெண்பனி, ஆலங்கட்டி, பனித்துளி, உறைபனி என்று தண்ணீர் எடுக்கும் ஏழு வடிவங்களைப் பற்றிய செய்யுள்கள் அதில் இருந்தன. கேட்டுக்கொண்டிருந்த மிச்சியோ அவற்றுக்கு இசை அமைத்தார். 1909-ல் முடிந்த அதுவே அவருடைய முதல் படைப்பு. அப்போது அவருக்கு வயது 14.

கொரியாவில் ஜப்பானின் பிரதிநிதியாக இருந்த இட்டோ ஹிரோபுமி அவருடைய வாசிப்பைக் கேட்டு மகிழ்ந்தார். தோக்கியோவுக்கு அனுப்பி உதவுவதாக வாக்களித்தார். ஆனால் அதே 1909-ம் ஆண்டு அக்டோபரில் இட்டோ சுட்டுக் கொல்லப்பட்டார். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. மிச்சியோ தோக்கியோவில் கால் வைக்க மேலும் எட்டு ஆண்டுகள் ஆயின.

எதிர்ப்பும் ஆதரவும்

1919-ல் தம் படைப்புகளை மட்டுமே கொண்டு அவர் தோக்கியோவில் கச்சேரி செய்தார். பழைய மரபினர் முகம் சுளித்தார்கள். மேல்நாட்டு முறையைக் கலந்து கோட்டோவைக் கெடுக்கிறார் என்பது அவர்கள் குறை. எழுத்தாளர்களும் படித்தவர்களும் அவரை ஆதரித்தார்கள். அவர் பின்வாங்கவில்லை. பல வாத்தியங்கள் சேர்ந்து ஒலிக்க வேண்டுமானால் தாழ்ந்த சுருதிக்கு ஒரு கோட்டோ தேவை என்று கண்டு, 1921-ல் 17 தந்திகள் கொண்ட பெரிய கோட்டோவை உருவாக்கினார். இன்றும் கோட்டோக் குழுக்களில் அது இன்றியமையாத வாத்தியம். 1929-ல் 80 தந்திகள் கொண்ட ஒன்றையும் செய்வித்தார்; அது நிலைக்கவில்லை.

அந்த 1929-ம் ஆண்டின் இறுதியில் பிறந்ததுதான் வசந்த காலக் கடல். மறு புத்தாண்டில் அரண்மனைக் கவியரங்குக்குக் கடலோரப் பாறை என்ற தலைப்பு தரப்பட்டிருந்தது. அதையொட்டி அவர் இயற்றினார். செட்டோ உள்நாட்டுக் கடலில் கப்பலில் போனபோது காதில் விழுந்த அலையும் துடுப்பும் பறவைகளும் அதில் இசையாயின. 1932-ல் ஜப்பானுக்கு வந்த பிரெஞ்சு வயலின் கலைஞர் ரெனே ஷெமே அதைக் கேட்டு மயங்கினார். குழலின் பகுதியை வயலினுக்கு மாற்றி அமைத்து, மியாகியுடனேயே வாசித்தார். அந்த இசைத்தட்டு அமெரிக்காவிலும் பிரான்சிலும் வெளிவந்தது. உள்ளூரில் குறை சொல்லப்பட்ட கலை உலகைச் சுற்றியது.

கடைசிப் பிரயாணம்

1956 ஜூன் மாதம் ஒசாக்காவில் கச்சேரி ஏற்பாடாகி இருந்தது. மியாகி தோக்கியோவிலிருந்து இரவு ரயிலில் புறப்பட்டார். 25-ந் தேதி விடியுமுன், கரியா நிலையத்துக்கு அருகே ஓடும் ரயிலிலிருந்து கீழே விழுந்தார். கதவு மாறிப் போயிருக்கலாம் என்று பலர் கருதினர். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சென்றும் பயனில்லை. அன்று காலையிலேயே உயிர் பிரிந்தது. வயது 62. ஓசையைக் கொண்டே உலகை அளந்தவரை, ஓடும் வண்டியின் இருட்டு ஏமாற்றிவிட்டது.

அவர் போனபின் கோட்டோ ஓயவில்லை. அவருடைய மாணவரும் கண்ணிழந்தவருமான எட்டோ கிமியோ, 1964-ல் அமெரிக்காவில் ஸ்டொக்கோவ்ஸ்கி நடத்திய பிலடெல்பியா வாத்தியக் குழுவுடன் கோட்டோ வாசித்தார். அதே ஆண்டில் தோக்கியோவில் கோட்டோவும் மூங்கில் குழலும் அமெரிக்கக் கிளாரினெட்டும் சேர்ந்த தியான இசைத்தட்டு ஒன்று பதிவாயிற்று. பாட்டில்லாமல் மனத்தை அமைதிப்படுத்தும் இசைக்கு அதைப் பலர் முன்னோடி என்கிறார்கள். மியாகி வாழ்ந்த இடத்தில் 1978-ல் நினைவுக் காட்சிசாலை திறக்கப்பட்டது.

பிழைப்புக்காகக் கற்ற வாத்தியத்துக்கு அவரே பிழைப்புத் தேடித் தந்தார்.