மெயினுக்கு முன்னே

சி நிரல் மெயினில் தொடங்குவதாகவே நாம் எண்ணுகிறோம். அதற்கு முன்பே ஒரு சிறு தொடக்க நிரல் ஓடி, வேண்டியவற்றை ஆயத்தம் செய்து, மெயினை அழைக்கிறது. அத்துணையை எதிர்பாராமல் பெரும் நிரலொன்றைப் படைத்தவர் டென்னிஸ் ரிட்சி.

1941இல் அமெரிக்காவில் பிறந்தார்; ஹார்வர்டில் இயற்பியல் பயின்றார்; 1967இல் பெல் ஆய்வுக்கூடம் புகுந்தார்; பின்னர் சி மொழியை ஆக்கினார். 1973இல் அவரும் கென் தாம்சனும் யூனிக்சின் கெர்னலை அம்மொழியிலேயே திருப்பி எழுதினர். கெர்னலுக்கு அடியில் தாங்குவார் யார்? சில அசெம்பிளி வரிகளே ஸ்டாக்கை அமைத்து மெயினை அழைத்தன.

1983இல் இருவரும் டூரிங் விருது பெற்றனர். 2011 அக்டோபரில் ஸ்டீவ் ஜாப்ஸ் மறைந்தபோது உலகம் கலங்கியது. அதே திங்களில் ரிட்சி மறைந்ததைப் பலர் அறியவில்லை. தொடக்க நிரலை நீக்கி ஒருமுறை எழுதிப் பாருங்கள். கண்ணில் படாது முன்னே உழைத்தவரின் அருமை விளங்கும்.