தேவாலயத்தில் தமிழிசை: தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார்

லிங்கராஜபுரத்தில் தமிழ் ஆராதனை நடக்கும் ஆலயங்களில் கீர்த்தனைகள் பாடப்படுகின்றன. ராகம், தாளம், பல்லவி, சரணம் எல்லாம் நம் ஊர்க் கச்சேரியில் கேட்பவைதான். ஆனால் இந்த இசை தேவாலயத்துக்குள் எளிதில் நுழைந்துவிடவில்லை. அதற்காகப் போராடியவர்களில் முதன்மையானவர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார். (பிரதாப முதலியார் சரித்திரம் எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை வேறு, இவர் வேறு.)

இளமை

சாஸ்திரியார் 1774-ம் ஆண்டு செப்டம்பர் 7-ந் தேதி நெல்லைச் சீமையில் பிறந்தார். தந்தை தேவசகாயம், கிறிஸ்தவ உபதேசியார். சிறுவனின் அறிவைக் கண்ட ஜெர்மன் பாதிரியார் சுவார்ட்ஸ், 1785-ல் அவரைத் தஞ்சைக்கு அழைத்துச் சென்று படிக்க வைத்தார். பின்னாளில் தஞ்சை மன்னரான சரபோஜியும் அந்தப் பாதிரியாரின் பராமரிப்பில் வளர்ந்தவரே.

பிறகு தரங்கம்பாடியில் வேத சாஸ்திரத்தோடு வான நூலும் கற்றார். 1794-ல் தஞ்சையில் மிஷன் பள்ளி ஆசிரியரானார். அப்போது அவருக்கு வயது இருபது கூட நிறையவில்லை.

பெத்லகேம் குறவஞ்சி

1800-ல் அவர் எழுதியது பெத்லகேம் குறவஞ்சி. குற்றாலக் குறவஞ்சி போலவே இதிலும் நாயகி உண்டு. குறி சொல்லும் சிங்கியும், அவளைத் தேடும் சிங்கனும் உண்டு. ஆனால் நாயகன் கிறிஸ்து. பூமி சூரியனைச் சுற்றுகிறது என்ற மேல்நாட்டு வான சாஸ்திரத்தையும் அதில் புகுத்தினார்.

கதாகாலட்சேபத்தில்தான் அவர் புகழ் பெரிதும் பரவியது. மாணவர்கள் உடன் பாட, சபையார் முன்னிலையில் வேதாகமக் கதையைச் சொல்லி, பாடி, விளக்குவார். கேட்பவர் உருகும் இடத்தில் பாட்டு நீளும். சிரிக்கும் இடத்தில் கதை விரியும். ஏட்டில் இருப்பது பாதி. மீதி, சபை முன்னால் அந்த நேரத்தில் உருவாகும்.

வந்தது சோதனை

சுவார்ட்ஸ் 1798-ல் காலமானார். 1820-களில் வந்த புதிய பாதிரியார்கள் பழைய வழக்கங்களை மாற்றினர். வேதாகமத்தைப் புதிதாக மொழிபெயர்த்தது, விழாக்களில் பூ கூடாது என்றது, தமிழ்ப் பாட்டை ஆலயத்தில் தடுத்தது, சாதி வேற்றுமையை விடும்படி வற்புறுத்தியது ஆகிய நான்கையும் எதிர்த்துச் சாஸ்திரியார் எழுதினார். 1829-ல் அவர் வேலை போயிற்று.

சாதி விஷயத்தில் அவர் பேசியதை இன்று ஏற்க முடியாது. ஆலயத்தில் எல்லாரும் சரிசமமாக உட்கார வேண்டும் என்றதில் பாதிரியார்கள் பக்கமே நியாயம் இருந்தது. ஆனால் தமிழன் தன் இசையில் தொழக்கூடாது என்பதில் நியாயம் இல்லை.

சரபோஜி மன்னர் அவரை ஆதரித்தார். மன்னரும் 1832-ல் மறைந்தார். சாஸ்திரியார் பாடுவதை நிறுத்தவில்லை.

காலம் மாறியது

மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வெப் பாதிரியார், ஆராதனையில் பாடுவதற்கென்றே தமிழ்க் கீர்த்தனைகளைத் திரட்டி 1853-ல் அச்சிட்டார். சாஸ்திரியாரின் பாடல்கள் அதில் இடம் பெற்றன. தள்ளி வைக்கப்பட்ட பாட்டு ஆலயத்துக்குள் வந்ததை, ஏறக்குறைய 80 வயதில் அவர் கண்ணாரக் கண்டார்.

1864 ஜனவரி 24-ந் தேதி, 89-வது வயதில் சாஸ்திரியார் காலமானார். அவர் எழுதியவை நூறு நூல்களுக்கு மேல். அவர் வழிவந்தோர் கதாகாலட்சேபத்தைத் தொடர்ந்து நடத்தி வந்தனர். பிழைப்புத் தேடித் தமிழர் போன ஊர்களுக்கெல்லாம் அவருடைய கீர்த்தனைகளும் கூடவே போயின.