கணினிக்குச் சொற்களைக் கற்பித்த கிரேஸ் ஹொப்பர்

நூற்றாண்டு காணும் நம் கல்லூரியின் மலரில் ஒரு வெளிநாட்டுப் பெண்மணியின் வாழ்க்கையை நினைவுகூரக் காரணம் உண்டு. இன்று கம்பளையில் கணினிப் பாடம் படிக்கும் நம் தங்கைமார், படிவத்தில் நிரப்பப்பட்டது சரியான அமைப்பில் இருக்கிறதா என்று சோதிக்கும் சிறு நிரல்களை எழுதிப் பழகுகிறார்கள். அவர்கள் அறிந்திருக்க வேண்டியவர் கிரேஸ் ஹொப்பர்.

அவர் 1906 டிசம்பர் 9ஆம் திகதி நியூயோர்க்கில் பிறந்தார். ஏழு வயதில், மணிக்கூடு எப்படி ஓடுகிறது என்று அறிய வீட்டிலிருந்த ஏழு அலார மணிக்கூடுகளைக் கழற்றிப் போட்டார். இனி ஒன்றை மட்டுமே தொடலாம் என்று தாயார் கட்டுப்படுத்தினார். வஸார் மகளிர் கல்லூரிக்கு 16 வயதில் விண்ணப்பித்தபோது இலத்தீன் பாடப் புள்ளிகள் போதவில்லை என்று மறுக்கப்பட்டார். அடுத்த ஆண்டு அனுமதி பெற்று, 1928இல் பட்டதாரியானார். பின்னர் அங்கேயே கணிதம் கற்பித்தார். 1934இல் யேல் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார்.

உலகப் போர்க் காலத்தில் கடற்படையில் சேர முயன்றார். வயது கூடிவிட்டது, எடை குறைவு என்று தடைகள் வந்தன. வேண்டிய எடையிலும் 15 இறாத்தல் குறைவாக இருந்தவர், விலக்குப் பெற்று 1943 டிசம்பரில் சேர்ந்தார். ஹார்வர்டில் மார்க் 1 என்ற பெருங்கணினிக்கு நிரல் எழுதும் பணி கிடைத்தது. விதியை மட்டும் பார்த்திருந்தால் கணினி உலகம் அவரை இழந்திருக்கும்.

1952இல் ஏ-0 என்ற தொகுப்பானை உருவாக்கினார். எண்களால் மட்டுமே கட்டளையிட்ட காலத்தில், சொற்களாலும் கட்டளையிடலாம் என்று ஃப்ளோ-மேட்டிக் மொழியில் காட்டினார். 1959இல் குழுவொன்று வகுக்கத் தொடங்கிய கோபோல் மொழிக்கு அது பெரிதும் வழிகாட்டியது. கோபோலில் 9 என்று குறித்தால் அவ்விடத்தில் இலக்கம் வரவேண்டும். ஏ என்றால் எழுத்து. நம் பழைய தேசிய அடையாள அட்டை எண்ணை ஒன்பது 9களும் ஓர் ஏ-யும் கொண்டு விவரித்துவிடலாம்.

ஆனால் அமைப்பு மட்டும் போதாது. அந்த எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. ஜனவரி 10இல் பிறந்த ஆணுக்கு 010. பெண்ணுக்கு 500 கூட்டி 510. நாள் 366ஐத் தாண்டக்கூடாது என்று ஒரு மாணவி விதி எழுதினால், அது இலங்கைப் பெண்கள் அனைவரையும், நாளை அவளையும், நிராகரித்துவிடும். 2016இல் வந்த 12 இலக்க எண்ணும் பழைய விதியில் தேறாது.

பெயர்களிலும் இப்படித்தான். எழுத்துகள் மட்டும்தானா என்று பார்க்கும் பைதன் கட்டளை, கம்பளை என்ற சொல்லையே ஏற்பதில்லை. மகரத்தின் மேலுள்ள புள்ளியையும் ளகரத்தின் முன்னுள்ள ஐகாரக் குறியையும் அது எழுத்தாக எண்ணாது.

1966இல் ஓய்வு பெற்ற ஹொப்பரைக் கடற்படை அடுத்த ஆண்டே திருப்பி அழைத்தது. கணினி மொழிகளை ஒருசீர்ப்படுத்த அவர் தேவைப்பட்டார். 1986இல், 79 வயதில், ரியர் அட்மிரலாக விடைபெற்றார். 1992 ஜனவரி முதலாம் திகதி காலமானார்.

நிரல் எழுதும் தங்கைமாருக்கு நாம் சொல்வது ஒன்றே. பிழையானதைத் தடுக்கிறதா என்று பார்ப்பதுடன் நின்றுவிடாதீர்கள். உங்கள் பெயரையும் அம்மாவின் அடையாள எண்ணையும் இட்டுப் பாருங்கள். சரியானவரைத் தடுக்கும் விதியைத் திருத்துங்கள்.