பார்வையைப் பகுத்த பேரறிஞர் எர்ன்ஸ்ட் மாக்

ஒலியை விஞ்சிப் பறக்கும் விமானத்தின் வேகத்தை மாக் எண் கொண்டு குறிக்கிறோம். அவ்வெண்ணுக்குப் பெயர் தந்த எர்ன்ஸ்ட் மாக்கை இயற்பியல் மாணவர் யாவரும் அறிவர். ஆனால், மனிதக் கண் எவ்வாறு காண்கிறது என்று ஆராய்ந்த மாக்கை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

அன்றைய ஆஸ்திரியப் பேரரசைச் சேர்ந்த மொராவியாவில், 1838 பிப்ரவரி 18ஆம் நாள் மாக் பிறந்தார். வியன்னாவுக்கு அருகே ஒரு பண்ணையில் வளர்ந்தார். குழந்தைப் பருவத்திலேயே அவருக்கு ஒரு குழப்பம். படத்தில் மேசையை வரைந்த ஓவியர், அதன் ஒரு முனையை அகலமாகவும் மறு முனையைக் குறுகலாகவும் ஏன் வரைந்தார்? வீட்டு மேசை அப்படி இல்லையே! இக்கேள்வியைப் பிற்காலத்தில் அவரே தம் நூலில் நினைவுகூர்ந்துள்ளார்.

ஒன்பது வயதில் துறவியர் நடத்திய பள்ளியில் சேர்ந்தார். படிப்புக்கு ஏற்றவரல்லர் என்று ஆசிரியர்கள் கருதிவிட்டனர். தந்தையே வீட்டில் பாடம் சொல்லித் தந்தார். அக்காலத்தில் ஒரு தச்சரிடம் சுமார் இரண்டாண்டு தொழிலும் பழகினார். மரவேலை செய்து பிழைக்கும் குடும்பத்திலிருந்து கல்லூரிப் படியேறிய முதல் ஆளான எனக்கு, அவர் வரலாற்றில் மிகவும் பிடித்த பகுதி இதுவே. மேசையின் மூலை சாய்வாக நின்று பார்த்தால் பெரும்பாலும் கண்ணுக்குச் செங்கோணமாகத் தெரியாது. மூலைமட்டம் வைத்துப் பார்க்கும் தச்சருக்கோ அது செங்கோணமே. விழித்திரையில் விழுவது சரிவகம். மனம் அறிவது செவ்வகம்!

1860இல் வியன்னாவில் முனைவர் பட்டம் பெற்ற மாக், 1864இல் கிராஸ் நகரில் பேராசிரியரானார். 1867 முதல் 28 ஆண்டுகள் பிராக் நகரில் பணியாற்றினார். புலனுணர்வுகள் பற்றிய அவருடைய நூல் 1886இல் வெளிவந்தது. ஒரு சதுரத்தை 45 பாகை திருப்பி முனையில் நிறுத்தினால், அது வேறொரு உருவமாகவே தோன்றுகிறது என அதில் காட்டினார். இடம் வலமாக அமைந்த சமச்சீரைக் கண் உடனே பற்றிக்கொள்கிறது. மேல் கீழாக அமைந்ததை அவ்வளவு எளிதில் பற்றுவதில்லை. நம் இரு கண்களும் இடம் வலமாகச் சமச்சீராய் அமைந்திருப்பதே காரணம் என்று அவர் விளக்கினார்.

அவர் காட்டிய சோதனை ஒன்றை நீங்களும் செய்து பார்க்கலாம். ஓர் அட்டையை நடுவில் மடித்துக் கூரைபோல மேசைமேல் வையுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, சற்றே சாய்வாக உற்று நோக்குங்கள். சிறிது நேரத்தில் கூரை மறைந்து, விரித்து நிறுத்திய புத்தகம் தோன்றும்! தலையை அசைத்தால் அட்டையும் அசைவதுபோல் இருக்கும். அட்டை மாறவில்லை, விழித்திரைப் பிம்பமும் மாறவில்லை. மனம் கொண்ட பொருளே மாறியது.

புலன்களுக்கு எட்டியதையே நம்ப வேண்டும் என்ற அவருடைய உறுதிக்கு மறுபக்கமும் உண்டு. அணுக்கள் உண்மையில் இருப்பதை அவர் ஏற்க மறுத்தார். காலம் அவர் கருத்துக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. எனினும், ஐன்ஸ்டீனின் சிந்தனைக்கு ஊக்கமளித்தவர்களுள் அவரும் ஒருவர்.

1898இல் பக்கவாதத்தால் வலப்பக்கம் செயலிழந்தது. இடக்கையால் தட்டச்சு செய்து ஆய்வைத் தொடர்ந்தார். 1916 பிப்ரவரி 19ஆம் நாள், தம் 78ஆம் பிறந்தநாளுக்கு மறுநாள், மறைந்தார்.

மாணவ நண்பர்களே! படத்திலிருந்த மேசை ஏன் குறுகுகிறது என்று கேட்ட சிறுவனைப் படிக்கத் தகாதவன் என்று ஒரு பள்ளி ஒதுக்கியது. அக்கேள்வியை அவர் கைவிடவில்லை. நம் மனத்தில் எழும் எளிய கேள்விகளையும் வகுப்பில் எழுந்து நின்று கேட்போமாக!