ஒற்றைக் கையும் யூரியேஸும்

நொதி என்றால் புரதம் என்று இரண்டாம் ஆண்டில் ஒரே வரியில் படித்துத் தாண்டியவன் நான். அந்த வரிக்காக ஜேம்ஸ் சம்னர் ஒன்பது ஆண்டுகள் உழைத்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

1887இல் அமெரிக்காவில் பிறந்த சம்னர் இடக்கைப் பழக்கமுள்ளவர். 17 வயதில், வேட்டையில் உடன்வந்தவரின் குண்டு தவறிப் பாய்ந்து அந்த இடக்கையையே இழந்தார். ஒற்றைக் கையோடு வேதியியல் எதற்கு என்று ஹார்வர்டில் பேராசிரியரே தடுத்தார். அவர் கேட்கவில்லை! 1914இல் முனைவரானார். கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1917 முதல் வாளவரை இனத்துப் பயற்றோடு போராடி, 1926இல் அதன் அசிட்டோன் சாற்றைக் குளிரில் வைத்து யூரியேஸ் நொதியைப் படிகமாக்கினார். சோதித்தால், புரதம்! ஜெர்மனியின் வில்ஷ்டேட்டர் ஏற்கவில்லை. நோபல் பரிசு 1946இல்தான் வந்தது.

புரதம் என்று தெரிந்ததால்தான் எந்த அமினோ அமிலத்துக்கு என்ன வேலை என்று இன்று கேட்க முடிகிறது. யூரியேஸ் சங்கிலியில் 840 அமினோ அமிலங்கள். யூரியாவை உடைக்கும் இரண்டு நிக்கல் அயனிகளைப் பிடித்திருப்பவை ஆறே: நான்கு ஹிஸ்டிடின், ஒரு லைசின், ஓர் அஸ்பார்டிக் அமிலம். மற்றவை மடிந்து இந்த ஆறையும் ஓரிடத்தில் சேர்க்கின்றன. பாக்டீரியா யூரியேஸில் அந்த லைசினை மட்டும் மாற்றியபோது நிக்கலும் நிற்கவில்லை, வேலையும் நடக்கவில்லை.

சம்னர் 1955இல் மறைந்தார். அவர் படிகமாக்கிய அதே பயற்று யூரியேஸின் முப்பரிமாண அமைப்பை 2010இல் வெளியிட்டவர்கள் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள்.