தொலைகாட்டி இல்லாத வானியல் பேராசிரியர்

1878ஆம் ஆண்டு நெதர்லாந்தின் வடக்கே உள்ள குரோனிங்கன் பல்கலைக்கழகத்தில் இருபத்தேழு வயது இளைஞர் ஒருவர் வானியல் பேராசிரியராக நியமனம் பெற்றார். அவர் பெயர் யாக்கோபஸ் கப்டெய்ன். பதவி கிடைத்தது, ஆனால் வானத்தைப் பார்ப்பதற்கு ஒரு தொலைகாட்டி கிடைக்கவில்லை. அவர் ஓய்வு பெறும் வரை குரோனிங்கனில் அது கிடைக்கவேயில்லை. இருந்தும் அந்த மனிதர்தான் அமெரிக்கா, பிரித்தானியா, ஜேர்மனி, ரஷ்யா, தென்னாபிரிக்கா என்று சிதறிக் கிடந்த அவதான நிலையங்களை ஒரே வேலைத்திட்டத்தின் கீழ் கொண்டுவந்தார். கையில் எதுவும் இல்லாத ஒருவருக்கு எல்லாம் உள்ளவர்கள் ஏன் செவிசாய்த்தார்கள் என்பதே அவரது வாழ்க்கையில் எம்மைச் சிந்திக்க வைக்கும் விடயம்.

கப்டெய்ன் 1851 ஜனவரி 19ஆம் திகதி பார்னெவெல்ட் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தையும் தாயும் மாணவர்கள் தங்கிப் படிக்கும் பாடசாலை ஒன்றை நடத்தினார்கள். சொந்தப் பிள்ளைகள் பதினைந்து பேர், இவர் ஒன்பதாமவர். ஊரார் பிள்ளைகளையும் சேர்த்துக் கவனித்த அந்தப் பெற்றோருக்குத் தம் பிள்ளையைத் தனியே கவனிக்க நேரம் எங்கே இருந்திருக்கும்? ஆசிரியர் வீட்டுப் பிள்ளைகள் பலருக்கு இந்தக் குறை விளங்கும். உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் படித்து 1875இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். பின்னர் லெய்டன் அவதான நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்ததால்தான் வானியலுக்குள் வந்தார்.

குரோனிங்கனில் ஓர் அவதான நிலையம் அமைத்துத் தருமாறு அவர் அரசாங்கத்திடம் கேட்டார். லெய்டனிலும் உட்ரெக்டிலும் ஏற்கனவே இரண்டு இருக்கும்போது இந்தச் சிறிய நாட்டுக்கு மூன்றாவது எதற்கு என்ற எண்ணமே மேலோங்கியது. கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. உபகரணம் வந்த பிறகு செய்முறையை ஆரம்பிக்கலாம் என்று ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் ஆய்வுகூடங்களை நானும் பார்த்திருக்கிறேன். கப்டெய்ன் அப்படிக் காத்திருக்கவில்லை.

அந்நேரத்தில் பூமியின் மறுகோடியில், தென்னாபிரிக்காவின் கேப் அவதான நிலையத்தில், டேவிட் கில் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் பணிப்பாளராக இருந்தார். 1882இல் தோன்றிய பெரும் வால்வெள்ளியைப் புகைப்படம் எடுத்தபோது, அதன் பின்னணியில் எண்ணற்ற நட்சத்திரங்களும் தெளிவாகப் பதிந்திருந்ததை அவர் கண்டார். அப்படியானால் தென்வானத்தின் நட்சத்திரங்கள் முழுவதையும் கண்ணாடித் தகடுகளில் பதிந்துவிடலாமே என்று எண்ணினார். 1885இல் வேலையைத் தொடங்கியும் விட்டார். ஆனால் படம் பிடிப்பது வேறு, படத்திலுள்ள ஒவ்வொரு புள்ளியையும் அளந்து அதன் இடத்தையும் பிரகாசத்தையும் எழுதி வைப்பது வேறு. இரண்டாவது வேலைக்கு கில்லிடம் ஆளில்லை.

அந்த ஆண்டின் இறுதியில் கப்டெய்ன் கில்லுக்கு ஒரு கடிதம் எழுதினார். தகடுகளை குரோனிங்கனுக்கு அனுப்பினால் தாமே அளந்து தருவதாகக் கூறினார். யாரும் விரும்பாத, பெயர் வாங்கித் தராத, கண்ணைக் கெடுக்கும் வேலை அது. உடற்றொழிலியல் பேராசிரியர் ஹுயிசிங்கா தம் ஆய்வுகூடத்தில் ஒதுக்கிக் கொடுத்த இரண்டு சிறிய அறைகளில் அந்த வேலை நடந்தது.

வழமையான முறையில் அளந்தால் ஒவ்வொரு புள்ளிக்கும் நீண்ட கணக்குப் போட வேண்டும். கப்டெய்ன் அதற்கு ஓர் உபாயம் கண்டார். படமெடுத்த தொலைகாட்டியின் குவியத் தூரம் எவ்வளவோ, அவ்வளவு தூரத்தில் தகட்டை நிறுத்தினார். நிலஅளவையாளர்கள் பாவிக்கும் தியோடலைட்டைப் போன்ற கருவியால் அதை நோக்கினார். அப்போது தகடு வானத்தைப் போலவே கண்ணுக்குத் தெரியும். நட்சத்திரத்தின் இடத்தைக் கருவியிலிருந்தே நேரடியாக வாசித்துவிடலாம். வானத்தைப் பார்க்கத் தொலைகாட்டி தராதவர்களுக்கு மத்தியில் அவர் வானத்தையே அறைக்குள் கொண்டுவந்துவிட்டார். அளவெடுப்பில் பெரும்பகுதியைச் செய்தவர் டி விரீஸ் என்ற உதவியாளர். பெரிய பெயர்களுக்குப் பின்னால் மறைந்துபோகும் இத்தகையவர்களையும் நாம் நினைவில் வைப்பது நல்லது.

ஆறேழு ஆண்டுகளில் முடியும் என்று நினைத்த வேலை பன்னிரண்டு ஆண்டுகளையும் தாண்டியது. இடையில் லண்டன் றோயல் சொசைட்டி வழங்கிவந்த பண உதவி நின்றுபோனது. கில் தம் சொந்தப் பணத்தைப் போட்டுத் தொடர்ந்தார். 1896 முதல் 1900 வரை மூன்று தொகுதிகளாக அந்தப் பட்டியல் வெளிவந்தது. அதில் 4,54,875 நட்சத்திரங்கள் இருந்தன. தென்வானத்தின் பெரும்பகுதி குரோனிங்கனின் அடிவானத்துக்கு மேலே ஒருபோதும் எழுவதில்லை. அந்த வானத்தின் பட்டியல்தான் அங்கே தயாரானது!

இந்த அளவெடுப்பின்போது, பழைய பட்டியலில் இருந்த ஒரு நட்சத்திரம் தகட்டில் தன் இடத்தில் இல்லாததை 1897இல் கப்டெய்ன் கவனித்தார். அது காணாமல் போகவில்லை, நகர்ந்திருந்தது. அதுவரை அறியப்பட்ட நட்சத்திரங்களில் வானத்தில் மிக வேகமாக நகர்வது அதுவே. அந்த வேகத்திலும் அது சந்திரனின் அகலமளவு தூரம் நகர இருநூறு ஆண்டுகளுக்கு மேல் எடுக்கும். இன்றும் அது கப்டெய்னின் நட்சத்திரம் என்றே அழைக்கப்படுகிறது.

இதன் பிறகு தொலைகாட்டி கேட்டு மன்றாட வேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை. 1896இல் அவரது இடம் வானியல் ஆய்வுகூடம் என்ற பெயரில் முறையாக இயங்கத் தொடங்கியது. பின்லாந்தின் ஹெல்சின்கியிலிருந்தும் இன்னும் பல இடங்களிலிருந்தும் தகடுகள் வந்தன. பிறர் இரவில் படம் பிடிப்பார்கள். குரோனிங்கன் பகலில் அளக்கும். இந்த அளவுகளிலிருந்து அவர் ஒரு பெரிய உண்மையையும் கண்டார். நட்சத்திரங்கள் திசையின்றி ஒழுங்கற்று அலைகின்றன என்றே அதுவரை கருதப்பட்டது. அவை இரண்டு பெரும் ஓட்டங்களாகச் செல்வதுபோல் தென்படுகின்றன என்பதை 1904இல் அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரில் அவர் அறிவித்தார்.

இங்கே இன்னொரு திட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1887இல் பாரிஸில் கூடிய வானியலாளர்கள் முழு வானத்தையும் புகைப்படமாக்க முடிவெடுத்தார்கள். பதினெட்டு அவதான நிலையங்கள் வானத்தைப் பாகம் பிரித்துக்கொண்டன. நோக்கம் உயர்ந்தது, ஆனால் சுமை பெரிது. சில நிலையங்கள் தம் பங்கைக் கைவிட்டன. தென்னமெரிக்காவின் சந்தியாகோ கைவிட்ட பாகத்தை ஹைதராபாத்தின் நிஸாமியா அவதான நிலையம் பொறுப்பேற்றது. பின்னர் ஜேர்மனியின் பொட்ஸ்டாம் விட்டுச் சென்ற பாகத்தில் ஒரு பகுதியையும் அது எடுத்தது. நவாப் ஸஃபர் ஜங் தம் சொந்த முயற்சியில் 1901இல் ஆரம்பித்த நிலையம் அது. எமது பிராந்தியத்தின் முஸ்லிம் பிரபு ஒருவர் விதைத்த விதை உலகத் திட்டமொன்றின் இடைவெளியை நிரப்பியதை எம்மில் எத்தனை பேர் அறிவோம்? ஆனாலும் மொத்தத் திட்டம் அரை நூற்றாண்டுக்கு மேல் இழுபட்டது. வானப்படம் முழுமையடையவே இல்லை.

கப்டெய்ன் இந்தச் சிக்கலை வேறு விதமாகப் பார்த்தார். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது எமது வீடுகளில் தினமும் நடப்பதுதானே. கோடிக்கணக்கான நட்சத்திரங்களை அளந்து முடிக்க எந்தத் தலைமுறைக்கும் ஆயுள் போதாது. ஆகவே வானமெங்கும் சீரான இடைவெளியில் 206 சிறிய பகுதிகளைத் தெரிவு செய்வோம். அவற்றில் மட்டும் நட்சத்திரங்களின் எண்ணிக்கை, பிரகாசம், நகர்வு, தூரம், நிறமாலை அனைத்தையும் எல்லோரும் சேர்ந்து அளப்போம் என்றார். 1906இல் இத்திட்டம் அச்சில் வந்தது.

திட்டம் எழுதுவது எளிது. ஒவ்வொரு நிலையத்துக்கும் அதன் பணிப்பாளர்தான் அரசர். தம் தொலைகாட்டியின் நேரத்தை வெளியார் ஒருவரின் சொல்லுக்கு ஒதுக்க யாரும் இலகுவில் சம்மதிப்பதில்லை. ஹார்வர்டின் பிக்கரிங், பால்வீதியில் விசேடமான பகுதிகளும் வேண்டும் என்று வலியுறுத்தினார். சீரான மாதிரி என்ற தம் அடிப்படைக்கு அது பொருந்தாவிட்டாலும் கப்டெய்ன் இணங்கி, மேலும் 46 பகுதிகளைச் சேர்த்தார். ஹார்வர்ட் தகடுகளைத் தந்தது, குரோனிங்கன் அளந்தது. நட்சத்திரங்களின் நகர்வை ஒக்ஸ்போர்டிலுள்ள ரட்கிளிஃப் நிலையமும் ரஷ்யாவின் புல்கோவோவும் பார்த்துக்கொண்டன. நிறமாலை வேலை ஜேர்மனியின் பொட்ஸ்டாமுக்கும் ஹம்பர்க் அருகிலுள்ள பெர்கெடோர்ஃபுக்கும் போனது. யாரிடம் எந்தக் கருவி இருக்கிறதோ அதற்கேற்ற வேலையையே அவர் கேட்டார். போட்டிக்கு நிற்க அவரிடம் ஒரு தொலைகாட்டியும் இல்லாததால் அவரைச் சந்தேகிக்க எவருக்கும் காரணம் இருக்கவில்லை. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் பிறர் வேலையைச் சுமந்தவர் என்ற நற்பெயரும் அவருக்கு முன்னே சென்றிருந்தது.

கலிபோர்னியாவின் மௌண்ட் வில்சன் மலையில் 60 அங்குல ஆடி கொண்ட புதிய தொலைகாட்டியை நிறுவிய ஜோர்ஜ் எல்லரி ஹேல், அதன் முக்கிய பணிகளில் ஒன்றாகவே இத்திட்டத்தை ஏற்றார். 1908 முதல் கப்டெய்ன் அங்கு ஆய்வு இணைப்பாளர். 1914 வரை ஆண்டுதோறும் கடல் கடந்து போய் வந்தார். மனைவியோடு தங்குவதற்கென மலைமேல் கட்டிய சிறு வீடு இன்னும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. வட அரைக்கோளத்தில் ஏழையான ஒரு நிலையத்தின் தலைவர், மிகப் பணக்கார நிலையத்தின் ஆலோசகரானார்.

1914இல் முதலாம் உலகப் போர் வெடித்தது. திட்டத்தில் ஒன்றாக இருந்தவர்கள் எதிரெதிர் அணிகளில் நின்றார்கள். திட்டக் குழுவில் இருந்த பொட்ஸ்டாம் பணிப்பாளர் கார்ல் ஷ்வார்ஸ்சில்ட் இராணுவத்தில் சேர்ந்தார். ரஷ்யப் போர்முனையில் நோயுற்று 1916இல் இறந்தார். நெதர்லாந்து நடுநிலை நாடு. ஐன்ஸ்டைனின் புதிய கோட்பாடு போர்க்காலத்தில் இங்கிலாந்தை எட்டியதும் நெதர்லாந்து வழியேதான். அதை எடிங்டனுக்கு எழுதி அனுப்பிய டி சிட்டர், கப்டெய்னின் மாணவர்.

போர் முடிந்தது, பகை முடியவில்லை. 1919இல் பிரஸல்ஸில் சர்வதேச ஆராய்ச்சிச் சபை உருவானது. சர்வதேச வானியல் ஒன்றியமும் அதன் கீழேயே பிறந்தது. ஜேர்மனியும் அதன் நேச நாடுகளும் இவற்றுக்குள் வர முடியாது என்று விதி செய்யப்பட்டது. பெல்ஜியமும் பிரான்சும் பட்ட அழிவைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கோபம் விளங்காததல்ல. ஆனால் கப்டெய்ன் ஏற்கவில்லை. குரோனிங்கனைச் சேர்ந்த தத்துவப் பேராசிரியர் ஹேமன்ஸுடன் சேர்ந்து, வெற்றி பெற்ற நாடுகளின் கல்விமான்களுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். நடுநிலை நாடுகளின் அறிஞர்கள் பலர் அதில் ஒப்பமிட்டார்கள்.

அவர் எதிர்த்து நின்ற சபையை உருவாக்குவதில் முன்னணியில் நின்றவர் வேறு யாருமல்ல, ஹேல்தான். பத்தாண்டுகளாகத் தம்மை ஆதரித்தவர், மலையில் வீடு கொடுத்தவர். மௌனமாக இருந்திருந்தால் எவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். வயதும் எழுபதை நெருங்கியிருந்தது. நெதர்லாந்து விஞ்ஞானக் கழகமும் அந்தச் சபையில் சேர முடிவெடுத்தபோது அவர் மிகவும் மனமுடைந்தார். என் பார்வையில், 206 பகுதிகளைத் தெரிவு செய்ததைவிட இந்த நிலைப்பாடு பெரியது. நண்பனின் தயவில் இருந்துகொண்டே நண்பனுக்கு மாறாகப் பேசுவது கணிதத்தால் வருவதல்ல.

1921இல் ஓய்வு பெற்ற கப்டெய்ன், சேர்ந்த அளவுகளையெல்லாம் வைத்து எமது நட்சத்திரத் தொகுதியின் வடிவத்தை வரைய முயன்றார். அந்தக் கட்டுரை 1922 மே மாதம் மௌண்ட் வில்சன் நிலையத்தின் வெளியீடாகவே வந்தது. உறவு அறுந்துவிடவில்லை என்பதற்கு அது சாட்சி. அதில் சூரியன் தொகுதியின் மையத்திலிருந்து ஏறத்தாழ 2,000 ஒளியாண்டு தூரத்தில் இருந்தது. உண்மையில் அத்தூரம் ஏறக்குறைய 26,000 ஒளியாண்டு. விண்வெளியில் பரந்துள்ள தூசு தூர நட்சத்திரங்களின் ஒளியை மங்கச் செய்வதால், பனிமூட்டத்தில் நிற்பவருக்குத் தானே நடுவில் நிற்பதுபோல் தெரியும். அப்படி ஒரு தடை இருக்குமோ என்று முன்பே தேடிப் பார்த்தவர்தான் கப்டெய்ன். போதிய அளவில் இல்லை என்று முடிவு செய்திருந்தார். 1930இல் ட்ரம்ப்லர் அந்தத் தூசை நிரூபித்தார். இரண்டு ஓட்டங்கள் ஏன் தென்பட்டன என்பதை, குரோனிங்கனில் கப்டெய்னின் விரிவுரைகளைக் கேட்டு வளர்ந்த ஊர்ட், பால்வீதி சுழல்கிறது என்பதைக் கொண்டு 1927இல் விளங்க வைத்தார்.

சர்வதேச வானியல் ஒன்றியத்தின் முதலாவது பொதுச்சபை 1922 மே மாதம் ரோம் நகரில் கூடியது. ஜேர்மனியருக்கு அங்கு ஆசனம் இல்லை. அடுத்த மாதம் 18ஆம் திகதி கப்டெய்ன் அம்ஸ்டர்டாமில் காலமானார். ஜேர்மனி அந்த ஒன்றியத்துக்குள் வர 1950களின் தொடக்கம் வரை சென்றது. ஆனால் பொட்ஸ்டாம் வானியலாளர்கள் 1920களிலேயே பொலிவியாவின் லா பாஸ் நகரில் தொலைகாட்டியை நிறுத்தி, தெரிவு செய்த பகுதிகளின் தென்வானப் பங்கைப் படம் பிடித்தார்கள். வடவானப் பங்கை பெர்கெடோர்ஃப் 1935 முதல் தொகுதி தொகுதியாக வெளியிட்டது. கடைசித் தொகுதி 1953இல் வந்தது.